விளையாட்டின் டேட்டா கோப்பைப் பைட் பைட்டாகப் படிப்பது எப்படி? டூம் வாட் கோப்பை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு விளையாட்டின் டேட்டா கோப்பை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் முதன்முதலாகத் திறப்பவருக்கு எண்களின் கும்பல்தான் தெரியும். அதை எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடாது. பிடிபட வைப்பது கணக்கு. "இந்த நான்கு பைட் ஓர் எண்ணிக்கையாக இருக்கலாம்" என்று தோன்றினால், அது உண்மையானால் வேறு எந்த எண்ணோடு பொருந்தியாக வேண்டும் என்று கேளுங்கள். கூட்டியோ கழித்தோ வகுத்தோ பாருங்கள். கடைசி பைட் வரை மீதியில்லாமல் வந்தால் ஊகத்தை வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்த ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்யப் போகிறோம்.

பழகுவதற்கு நான் எப்போதும் சொல்லும் கோப்பு டூம் விளையாட்டின் வாட் கோப்பு. ஐடி சாஃப்ட்வேர் 1993 டிசம்பர் 10 அன்று டூமை வெளியிட்டது. விளையாட்டை ஓட்டும் புரோகிராமான எஞ்சின் ஒரு கோப்பு; மேப், படம், ஒலி எல்லாம் தனியாக இன்னொரு கோப்பு, அதுதான் வாட். ஜான் கார்மாக் வேண்டுமென்றே செய்த பிரிப்பு இது. அதனால்தான் 1994 ஜனவரியிலேயே ரசிகர்கள் எழுதிய மேப் எடிட்டர் வந்துவிட்டது. எஞ்சினின் சோர்ஸ் கோடு வெளியானதோ 1997 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர் சோர்ஸைப் பார்க்காமல், பைட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வடிவத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார்கள். நாமும் அதே பாதையில் போகலாம். விடை எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்பது இங்கே பெரிய வசதி. நம் ஊகம் சரியா என்று கடைசியில் ஒத்துப் பார்க்கலாம். எவரும் தொடாத ஒரு கோப்பில் அந்த வசதி கிடைக்காது.

தயாரிப்பு

டூமின் ஷேர்வேர் பதிப்பு இலவசமாகப் பகிரும்படி வெளியிடப்பட்டது. அதன் 1.9 பதிப்பில் உள்ள வாட் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு ஒரு நகலில் வேலை செய்யுங்கள். மூலத்தின் எஸ்எச்ஏ-256 ஹேஷை (கோப்பின் கைரேகை போன்ற எண், ஒரு பைட் மாறினாலும் இது மாறிவிடும்) கணக்கிட்டுக் குறித்து வையுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு ஹெக்ஸ் எடிட்டர் போதும்: விண்டோஸில் எச்எக்ஸ்டி, எல்லாக் கணினியிலும் ஓடுவது வேண்டுமென்றால் இம்ஹெக்ஸ். அப்புறம் சின்னச் சின்ன புரோகிராம் எழுத பைத்தான், அதில் ஸ்ட்ரக்ட் மாட்யூல். மாற்றிப் பார்த்துச் சோதிக்க, விளையாட்டே ஓடும் நிலையில் இருக்க வேண்டும். பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ், அல்லது டூமை இன்றைய கணினியில் ஓட்டும் சாக்லேட் டூம் இதற்குப் பொருத்தம்.

ஹெக்ஸ் எடிட்டர்கள் வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும். தொடங்குபவருக்குக் கணக்கு கண்ணெதிரே நடக்க வேண்டும் என்பதால் இங்கே பைட்டுகளைச் சாதாரணத் தசம எண்ணிலேயே எழுதுகிறேன். ஒரு பைட் 0 முதல் 255 வரை. உங்கள் எடிட்டரில் காட்சியைத் தசமத்துக்கு மாற்றலாம், அல்லது கர்சரை வைத்த இடத்தின் மதிப்பை டேட்டா இன்ஸ்பெக்டர் பகுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52ஆம் பிரிவு, முறைப்படி ஒரு மென்பொருளை வைத்திருப்பவர் அதன் இயக்கத்தைக் கவனித்து ஆராய இடம் தருகிறது. வேறொரு மென்பொருளோடு இணைந்து வேலை செய்ய வைக்கத் தேவையான தகவலைப் பெறவும் இடம் தருகிறது. உள்ளே இருக்கும் படங்களையும் இசையையும் பிரித்தெடுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பது வேறு விஷயம், அது கூடாது. வடிவத்தின் விவரத்தை எழுதிப் பகிருங்கள், சரக்கைப் பகிராதீர்கள்.

படி 1: திறப்பதற்கு முன் அளவைப் பாருங்கள்

கோப்பின் அளவு 41,96,020 பைட். இந்த எண்ணைத் தாளில் எழுதி எதிரில் ஒட்டிவையுங்கள். இதைவிடப் பெரிய எந்த எண்ணும் இந்தக் கோப்பினுள் ஓர் இடத்தைக் குறிக்க முடியாது. நம் கையில் இருக்கும் முதல் வடிகட்டி இதுதான்.

அடுத்து, கோப்பை ஜிப் செய்து பாருங்கள். நன்றாகச் சுருங்குகிறது. ஏற்கெனவே சுருக்கிய அல்லது மறையாக்கம் செய்த கோப்பு ஜிப்பில் அசையவே அசையாது. சுருங்குகிறது என்றால் பெரும்பகுதி வெளிப்படையாகக் கிடக்கிறது என்று பொருள். எந்தப் புதுக் கோப்பிலும் நான் முதலில் செய்வது இதைத்தான். ஒரு நிமிட வேலை, எந்தப் பாதையில் போக வேண்டும் என்று காட்டிவிடும்.

படி 2: முதல் 12 பைட்

கோப்பின் தொடக்கம் இது:

73 87 65 68 | 240 4 0 0 | 180 183 63 0

முதல் நான்கும் ஆஸ்கி (ஆங்கில எழுத்துக்கு ஓர் எண் தரும் வழக்கமான முறை) எழுத்துகள்: ஐ, டபிள்யூ, ஏ, டி. ஐவாட் என்ற அடையாளம். ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்புகளில் 73க்குப் பதில் 80 இருக்கும், அது பிவாட். இப்படித் தொடக்கத்தில் ஒரு முத்திரை இருப்பது பல வடிவங்களில் வழக்கம்.

அடுத்த நான்கைக் கவனியுங்கள்: 240, 4, 0, 0. பெரிய பைட் முன்னால் வருகிறது என்று வைத்துப் படித்தால் 402 கோடிக்கு மேல் போகிறது. நம் கோப்போ 42 லட்சம் பைட்கூட இல்லை. சின்ன பைட் முன்னால் என்று படித்தால் 240 + 4 × 256 = 1,264. இது நம்பும்படி இருக்கிறது. இந்த வரிசைக்கு லிட்டில் எண்டியன் என்று பெயர். இன்டெல் செயலிகள் எண்களை இப்படித்தான் வைக்கும், டூம் எழுதப்பட்டது இன்டெல் கணினிகளுக்கு. எந்த விளையாட்டு என்றாலும் அது முதலில் எந்தக் கருவிக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்வது இந்த இடத்தில் உதவும்.

மூன்றாவது எண்: 180 + 183 × 256 + 63 × 65,536 = 41,75,796. இது கோப்பின் அளவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அப்படியானால் கோப்பின் கடைசிப் பகுதியில் ஏதோ ஓர் இடத்தைச் சுட்டுகிறதோ? கழித்துப் பாருங்கள்:

41,96,020 − 41,75,796 = 20,224

இதை அந்த 1,264ஆல் வகுங்கள். சரியாக 16, மீதி இல்லை.

தொடர்பில்லாத இரண்டு எண்கள் தற்செயலாக இப்படி மீதியின்றிப் பொருந்துவது அரிது. அதுவும் 16 என்ற உருண்டையான எண்ணில். ஆக, கோப்பின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 1,264 நுழைவுகள். ஒவ்வொன்றும் 16 பைட். பட்டியலின் உள்ளே இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, இவ்வளவும் தெரிந்துவிட்டது.

படி 3: பட்டியலைப் பிரித்தல்

41,75,796ஆம் இடத்துக்குப் போய், ஒரு வரிக்கு 16 பைட் என்று காட்சியை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வரிகள்:

12 0 0 0 | 0 42 0 0 | 80 76 65 89 80 65 76 0
12 42 0 0 | 0 34 0 0 | 67 79 76 79 82 77 65 80

கடைசி எட்டு பைட் பெயர் என்பது எடிட்டரின் வலப்பக்க எழுத்துப் பகுதியைப் பார்த்தாலே தெரிகிறது: பிளேபால், கலர்மேப். முன்னால் இருக்கும் இரண்டு எண்கள் என்ன? முதல் வரியில் 12, பிறகு 42 × 256 = 10,752. இரண்டாம் வரியில் 12 + 10,752 = 10,764, பிறகு 34 × 256 = 8,704.

12 என்பது ஹெடர், அதாவது நாம் முதலில் பார்த்த 12 பைட், முடியும் இடம். அதோடு 10,752ஐக் கூட்டினால் இரண்டாம் வரியின் முதல் எண் வருகிறது. ஆக முதல் எண் தொடங்கும் இடம், இரண்டாவது அளவு. சங்கிலி போல ஒன்றன் முடிவில் அடுத்தது தொடங்குகிறது. இந்தத் துண்டுகளுக்கு டூம் உலகில் லம்ப் என்று பெயர்.

இந்த இரண்டு வரிகளிலேயே ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. பிளேபால் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, முடிவில் 0 நிற்கிறது. கலர்மேப்புக்கு எட்டு எழுத்து, 0 வைக்க இடமே இல்லை. "0 வரும்வரை படி" என்று புரோகிராம் எழுதினால் கலர்மேப்பில் அது அடுத்த நுழைவுக்குள் ஓடிவிடும். எட்டு பைட்டை முழுதாக எடுத்து, அப்புறம் 0க்குப் பின்னால் உள்ளதை வெட்ட வேண்டும்.

ஏழாவது நுழைவில் இன்னொரு விநோதம்:

172 7 1 0 | 0 0 0 0 | 69 49 77 49 0 0 0 0
172 7 1 0 | 100 5 0 0 | 84 72 73 78 71 83 0 0

ஈ1எம்1 என்ற பெயர், இடம் 67,500, அளவு 0. அடுத்த நுழைவான திங்ஸும் அதே 67,500இல் தொடங்குகிறது, அளவு 1,380. அளவே இல்லாத லம்ப் எதற்கு? பட்டியலைக் கீழே உருட்டினால் திங்ஸ், லைன்டெஃப்ஸ், சைட்டெஃப்ஸ் என்ற அதே பெயர்கள் ஒன்பது முறை வருகின்றன. ஒவ்வொரு முறையும் அவற்றுக்கு மேலே அளவில்லாத ஒரு பெயர். ஷேர்வேரில் மேப்புகளும் ஒன்பதுதான். ஆக இது ஒரு தலைப்பு: "இனி வருவது முதல் அத்தியாயத்தின் முதல் மேப்" என்று சொல்வதற்காக மட்டும் நிற்கிறது. பெயரை வைத்து லம்பைத் தேடினால் போதாது, வரிசையும் வடிவத்தின் ஒரு பகுதி என்று இங்கே புரிகிறது.

படி 4: ஒரு மேப்பின் உள்ளே

நான் மிகவும் ரசிக்கும் இடம் இது, நிதானமாகவே போகலாம். ஈ1எம்1க்குக் கீழே வரும் லம்புகளின் இடமும் அளவும்:

திங்ஸ்: 67,500 / 1,380
லைன்டெஃப்ஸ்: 68,880 / 6,650
சைட்டெஃப்ஸ்: 75,532 / 19,440
வெர்டெக்சஸ்: 94,972 / 1,868
செக்மெண்ட்: 96,840 / 8,784
சப்செக்டர்: 1,05,624 / 948
நோட்ஸ்: 1,06,572 / 6,608
செக்டர்ஸ்: 1,13,180 / 2,210
ரிஜெக்ட்: 1,15,392 / 904
பிளாக்மேப்: 1,16,296 / 6,922

முதலில் சங்கிலியைச் சரிபாருங்கள். 67,500 + 1,380 = 68,880, சரி. 68,880 + 6,650 = 75,530, ஆனால் அடுத்தது 75,532இல் தொடங்குகிறது. இரண்டு பைட் இடைவெளி. 75,532 நான்கால் வகுபடும், 75,530 வகுபடாது. ஒவ்வொரு லம்பும் நான்கின் மடங்கில் தொடங்கும்படி நிரப்பியிருக்கிறார்கள். செக்டர்ஸ் முடியும் இடத்திலும் இதே இரண்டு பைட்டைப் பார்க்கலாம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி: ஒவ்வொரு லம்பிலும் ஒரு பதிவுக்கு எத்தனை பைட்? ஒன்பது மேப்புகளிலும் உள்ள திங்ஸ் லம்புகளின் அளவுகளை எடுத்து அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடியுங்கள். பதிவின் நீளம் அந்த எண்ணாகவோ அதன் ஒரு வகுஎண்ணாகவோ இருக்கும். பள்ளிக் கணக்குதான், ஆனால் இந்த வேலையில் இதைப்போலக் கைகொடுக்கும் கருவி வேறில்லை. உறுதிப்படுத்த எடிட்டரில் வரியின் அகலத்தை மாற்றிப் பாருங்கள். சரியான அகலம் வந்ததும் கலைந்து கிடந்த எண்கள் செங்குத்தான பத்திகளாக நேர்ப்படும். திங்ஸில் அது 10இல் நடக்கிறது. 1,380ஐப் பத்தால் வகுத்தால் 138 பொருள்கள்.

முதல் பதிவு:

32 4 | 224 241 | 90 0 | 1 0 | 7 0

முதல் ஜோடி 32 + 4 × 256 = 1,056. இரண்டாவது 224 + 241 × 256 = 61,920. இந்தப் பத்தியைக் கீழே பார்த்துக்கொண்டே போனால் இதேபோல 65,536க்குச் சற்றுக் குறைவான எண்கள் கூட்டமாக நிற்கின்றன. அவை குறை எண்களாகத்தான் இருக்கும்: 61,920 − 65,536 = −3,616. ஆக (1,056, −3,616) ஓர் ஆயத்தொலைவு. மூன்றாவது ஜோடியில் 90. அந்தப் பத்தி முழுக்க 0, 90, 180, 270 என்று 45இன் மடங்குகளே வருகின்றன, எதுவும் 360ஐத் தொடுவதில்லை. கோணம் என்று தயங்காமல் எழுதலாம். 270 ஒரு பைட்டில் அடங்காது, அதனால் இரண்டு பைட் என்பதும் உறுதி.

நான்காவது ஜோடி பொருளின் வகை. 1 என்பது முதல் ஆட்டக்காரர் தொடங்கும் இடம். 3001, 3004, 2035 போன்ற எண்களும் வரும். அவை முறையே இம்ப், துப்பாக்கி ஏந்திய வீரன், வெடிக்கும் பீப்பாய். கடைசி ஜோடி 7, அதாவது 1 + 2 + 4, மூன்று பிட்டுகள் எரிகின்றன. எளிது, நடுத்தரம், கடினம் என்ற நிலைகளில் எதிலெல்லாம் இந்தப் பொருள் தோன்ற வேண்டும் என்பதைச் சொல்லும் கொடிகள் அவை.

ஊகம் போதும், விளையாட்டையே கேட்டுவிடலாம். கோணம் இருப்பது 67,504ஆம் பைட்டில். நகலில் அங்குள்ள 90 0 என்பதை 14 1 என்று மாற்றுங்கள். 14 + 256 = 270. சேமித்து, சாக்லேட் டூமில் அந்த நகலைக் கொடுத்து முதல் மேப்பைத் தொடங்குங்கள். ஆட்டக்காரர் வழக்கத்துக்கு நேரெதிராக, பின்பக்கம் பார்த்து நிற்பார். ஒரே நேரத்தில் ஒரே ஒரு மதிப்பை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

படி 5: எண்கள் ஒன்றையொன்று சுட்டுவதைக் கண்டுபிடித்தல்

வெர்டெக்சஸில் பதிவுக்கு 4 பைட், மொத்தம் 467. திங்ஸில் பார்த்த அதே வீச்சில் இரண்டிரண்டு எண்கள், புள்ளிகள்தான். லைன்டெஃப்ஸில் பதிவுக்கு 14 பைட், 6,650 ÷ 14 = 475 கோடுகள், ஒவ்வொன்றிலும் ஏழு எண்கள். அவை என்ன?

இங்கே ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பத்தியின் உச்ச மதிப்பையும் எடுத்துப் பாருங்கள். லைன்டெஃப்ஸின் முதல் இரண்டு பத்திகளில் எந்த மதிப்பும் 466ஐத் தாண்டவில்லை. புள்ளிகள் 467, எண்ணுவது 0இலிருந்து. அப்படியானால் இவை கோட்டின் இரு முனைகள். கடைசி இரண்டு பத்திகளில் மதிப்புகள் 647ஐத் தாண்டவில்லை, இடையிடையே 65,535 வருகிறது. சைட்டெஃப்ஸ் 19,440 ÷ 30 = 648. ஆக இவை கோட்டின் வலப்பக்கம், இடப்பக்கம். 65,535 என்றால் −1, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, அதாவது வெறும் சுவர்.

சைட்டெஃப்ஸின் 30 பைட்டை எழுத்துப் பகுதியே காட்டிக்கொடுக்கும். எட்டெட்டு பைட்டாக மூன்று பெயர்கள், பல இடங்களில் 45 0 0 0 0 0 0 0, அதாவது ஒற்றைக் கோடு, அங்கே படம் இல்லை என்பதற்கு. 2 + 2 + 24 + 2 = 30. கடைசி எண் 84ஐத் தாண்டாது, செக்டர்கள் (ஒரே தரை உயரமும் கூரை உயரமும் கொண்ட பகுதிகள்) 2,210 ÷ 26 = 85. செக்டரின் 26ஐயும் இப்படியே பிரியுங்கள்: தரை உயரம், கூரை உயரம், இரண்டு பெயர்கள், வெளிச்சம், சிறப்பு வகை, அடையாள எண். 2 + 2 + 16 + 2 + 2 + 2.

இப்போது ஒரு நிமிடம் ஒதுக்கி, 475 கோடுகளையும் வரையும் ஒரு குட்டிப் புரோகிராம் எழுதுங்கள். டூமில் மேலே போகப் போக ஒய் மதிப்பு கூடும், படக் கோப்புகளில் கீழே போகப் போகக் கூடும். அதனால் ஒய்யின் குறியைத் திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் மேப் தலைகீழாக வரும். திரையில் டூமின் முதல் மேப் அப்படியே எழுந்து நிற்கும்.

இன்னும் இரண்டு லம்புகள் கணக்கின் அழகுக்காகவே பார்க்கத் தக்கவை. சப்செக்டர்கள் 948 ÷ 4 = 237, நோட்கள் 6,608 ÷ 28 = 236. சரியாக ஒன்று குறைவு. ஒவ்வொரு கணுவும் இரண்டாகப் பிரியும் மரத்தில் இலைகள் எப்போதும் கணுக்களைவிட ஒன்று அதிகம். பெயரே தெரியாமல் இருந்தாலும் இந்த ஒற்றை வித்தியாசம் "இது ஒரு இருமை மரம்" என்று சொல்லிவிடும். அது பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷனிங் மரம். எந்தச் சுவரை முன்னால் வரைய வேண்டும் என்று எஞ்சின் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நோட் பதிவின் கடைசி இரண்டு எண்களில் சில 32,768 அல்லது அதற்கு மேல் இருக்கும். 32,768ஐக் கழித்தால் மிஞ்சுவது சப்செக்டரின் எண். உச்ச பிட்டை "இது இலை" என்ற அடையாளமாக வைத்திருக்கிறார்கள்.

ரிஜெக்ட் 904 பைட். எந்தப் பதிவு நீளமும் பொருந்தவில்லை என்று தோன்றும். ஆனால் 85 × 85 = 7,225. அதை எட்டால் வகுத்தால் 903.125, மேல்நோக்கி முழுமையாக்கினால் 904. பைட் இல்லை, பிட்! ஒவ்வொரு செக்டர் ஜோடிக்கும் ஒரு பிட்: இங்கிருந்து அங்கே பார்க்க வாய்ப்பே இல்லை என்றால் 1. அரக்கர்கள் உங்களைப் பார்க்கிறார்களா என்ற சோதனையைச் சுருக்க இந்த அட்டவணை.

படி 6: படங்கள்

பிளேபால் 10,752 பைட். 256 நிறம் × 3 = 768. 10,752 ÷ 768 = 14 வண்ணத் தட்டுகள். அடிபட்டால் திரை சிவப்பதும் பொருளை எடுத்தால் பொன்னிறமாவதும் தட்டு மாறுவதால்தான். தரைப் படங்கள் ஒவ்வொன்றும் 4,096 பைட், 64 × 64. வேறு ஹெடர் எதுவும் இல்லை. விளையாட்டை விட்டு வெளியேறும்போது வரும் எண்டூம் 4,000 பைட்: 80 × 25 எழுத்து, எழுத்துக்கு இரண்டு பைட்.

தலைப்புப் படமான டைட்டில்பிக்தான் யோசிக்க வைக்கும். அளவு 68,168. தொடக்கம் 64 1 200 0 0 0 0 0, அதாவது 320, 200, 0, 0. 320 × 200 = 64,000. மீதி 4,168 எதற்கு? அடுத்து வரும் எண்களைப் பார்த்தால் நான்கு நான்கு பைட்டாக, ஒன்றுக்கொன்று 209 கூடிக்கொண்டே போகின்றன, முதலாவது 1,288. ஹெடர் 8, பிறகு 320 × 4 = 1,280, கூட்டினால் 1,288. ஆக இவை 320 நெடுவரிசைகள் தொடங்கும் இடங்கள். டூம் சுவர்களை மேலிருந்து கீழாகச் செங்குத்துக் கோடுகளாக வரைவதால் படத்தையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். (68,168 − 1,288) ÷ 320 = 209, மீதி இல்லை.

ஒரு நெடுவரிசையில் 200 புள்ளிகள். கூடுதல் 9 பைட் எங்கிருந்து? நெடுவரிசை துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் தொடங்கும் உயரம், நீளம், பயன்படாத ஒரு பைட், புள்ளிகள், பயன்படாத இன்னொரு பைட். அதாவது துண்டுக்கு நான்கு கூடுதல். எல்லாம் முடிந்ததும் 255 என்ற முடிவுக் குறி. 4 + 4 + 1 = 9. ஆக ஒவ்வொரு நெடுவரிசையும் இரண்டு துண்டுகள். துண்டுகளுக்கு இடையே விடுபட்ட பகுதிதான் அரக்கர் படங்களில் ஒளி ஊடுருவும் இடம். அதற்கு ஒரு பைட்கூடச் செலவழிக்கவில்லை.

ஒலி எளிது. 3 0 17 43 என்று தொடங்கும். 17 + 43 × 256 = 11,025, விநாடிக்கு மாதிரி எண்ணிக்கை. அடுத்த நான்கு பைட்டில் மொத்த மாதிரிகள், அதோடு 8 கூட்டினால் லம்பின் அளவு வர வேண்டும்.

படி 7: வேறு கோப்புகளில் மாட்டிக்கொண்டால்

ஜிப் செய்தும் சுருங்காத கோப்பு என்றால் தெரிந்த முத்திரைகளைத் தேடுங்கள். 120 156 அல்லது 120 218 இருந்தால் பெரும்பாலும் ஜீலிப், 31 139 என்றால் ஜீஜிப், 80 75 3 4 என்றால் ஜிப், 137 80 78 71 என்றால் பிஎன்ஜி படம். ஒரே பைட் கோவை வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால், 0 நிறைந்த பகுதி எக்ஸ்ஓஆர் (ஒரு சாவியோடு பிட் பிட்டாகக் கலக்கும் எளிய மறையாக்கம்) செய்யப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. திரும்ப வரும் அந்தக் கோவையே சாவி. சேமிப்புக் கோப்பு என்றால், நிற்கிற இடத்தில் ஒருமுறை சேமித்து, ஒரு தோட்டா சுட்டு மறுபடி சேமித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். மாறிய பைட் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. எப்போதும் கூடவே மாறும் நான்கு பைட் இருந்தால் சிஆர்சி-32 போன்ற சரிபார்ப்பு எண்ணாக இருக்கலாம்.

இவை எதுவும் எடுபடாதபோது விளையாட்டின் புரோகிராமையே கிட்ராவில் திறந்து, கோப்பைப் படிக்கும் இடத்தைத் தேடலாம். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2019இல் இலவசமாக வெளியிட்ட கருவி அது. பலர் முதல் நாளே அங்கே போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், கோப்பின் கணக்கை முதலில் முடித்துவிட்டுப் போங்கள். 16 பைட் நுழைவு என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு, 16ஆல் பெருக்கும் வரி கண்ணில் பட்டதும் தான் எங்கே நிற்கிறோம் என்று புரிந்துவிடும்.

படி 8: திரும்ப எழுதிப் பார்த்தல்

கண்டுபிடித்ததை அவ்வப்போது எழுதி வையுங்கள். இம்ஹெக்ஸின் பேட்டர்ன் மொழியிலோ கைத்தாய் ஸ்ட்ரக்டிலோ எழுதினால் விவரிப்பும் ஓடும் புரோகிராமும் ஒன்றாகிவிடும். உறுதியானது, ஊகம், தெரியாதது என்று மூன்று நிலைகளையும் ஒவ்வொரு புலத்துக்கும் குறியுங்கள். தெரியாத புலத்தை 0 என்று நிரப்பாமல் வந்தபடியே பாதுகாத்து வையுங்கள்.

அப்புறம் கோப்பு முழுவதையும் படித்து, உங்கள் புரோகிராமின் நினைவில் உள்ள வடிவத்திலிருந்தே ஒரு புதிய வாட் கோப்பை எழுதச் சொல்லுங்கள். மூலக் கோப்பிலிருந்து துண்டுகளை நகலெடுக்காதீர்கள். ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். புதுக் கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹேஷை, தொடக்கத்தில் குறித்து வைத்ததோடு ஒத்துப் பாருங்கள். வேறுபட்டால் இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டு, முதலில் வேறுபடும் இடத்தைப் பிடியுங்கள். அதற்குப் பிந்தையவை பெரும்பாலும் அதன் விளைவுதான். முதல் வேறுபாடு 75,530ஆம் பைட்டுக்கு அருகில் வந்தால், லைன்டெஃப்ஸுக்குப் பின்னால் விட்டிருக்கும் அந்த இரண்டு நிரப்புப் பைட்டுகளை எழுத மறந்திருப்பீர்கள். பட்டியலின் பெயர்ப் பகுதியில் வந்தால், 0க்குப் பின்னால் பழைய கருவி விட்டுச்சென்ற மிச்ச பைட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படத்தின் நடுவில் வந்தால், நெடுவரிசைத் துண்டுகளின் பயன்படாத பைட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஹேஷ் ஒத்துவரும் வரை மறுபடி எழுதுங்கள்.